சங்கத்து இடத்தில் உடற்பயிற்சிச் சட்டகம்: வாங்கும் முன்பும் நிறுத்தும் முன்பும்

ஆவடியிலிருந்து வெள்ளானூர், செங்குன்றம் பக்கம் விடியற்காலையில் கடை திறக்கப் போகும் உறுப்பினர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பால் வண்டி வருவதற்கு முன்பே சாலையோரத்தில் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆவடி என்றாலே சீருடை ஊர்தான். டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படை எல்லாம் கண்ணெதிரே இருக்கும்போது, பிள்ளைகளுக்கு ராணுவத்திலோ காவல்துறையிலோ சேர வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பே. ஓடுவதற்குச் சாலை இருக்கிறது. தொங்கிப் பழகுவதற்குத்தான் இடமில்லை. வேப்பமரக் கிளையிலும், பாதி கட்டி நிற்கும் வீட்டின் சாரக் கம்பிலும், பேருந்து நிழற்குடைக் குழாயிலும் தொங்கிப் பழகுகிறார்கள்.

ஆண்டுதோறும் நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம், கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம், இந்தப் பிள்ளைகளுக்கும் சங்கம் ஏதாவது செய்யக்கூடாதா என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு அன்றோடு முடிந்துவிடும். இரும்புச் சட்டகம் அப்படியல்ல. நிறுத்திய நாளிலிருந்து அது பெயர்ந்து விழும் நாள் வரை பொறுப்பு சங்கத்தின் தலையில்தான். ஆகவே எதை வாங்குவது, எப்படி நிறுத்துவது என்பதைச் சற்று விரிவாகவே பார்த்துவிடுவோம்.

இன்று கடைகளில் ‘கிராஸ் டிரெயினிங் ரிக்’ என்ற பெயரில் விற்கப்படும் பொருள், நம் ஊர் சிங்கிள் பாரும் டபுள் பாரும் ஏணியும் ஒரே சட்டகத்தில் சேர்ந்ததுதான். நான்கு அல்லது ஆறு இரும்புத் தூண்கள் இருக்கும். அவற்றுக்கு மேலே பல உயரங்களில் குறுக்குக் கம்பிகள், பக்கத்தில் கை ஊன்றி எழும்ப இரட்டைக் கம்பி, வளையம் மாட்டக் கொக்கி ஆகியவை இருக்கும். பெயர்தான் புதிது. ஜெர்மனியில் யான் என்ற ஆசிரியர் 1811-இல் பெர்லினுக்கு வெளியே திறந்தவெளியில் இப்படித்தான் கம்பிகளை நட்டுப் பயிற்சி கொடுத்தார். சென்னையில் ஹாரி பக் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய பின், அங்கே படித்து வந்த ஆசிரியர்கள் வழியாகப் பள்ளிக்கூட மைதானங்களில் இத்தகைய பயிற்சிகள் பரவின. அதற்கும் முன்பே தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று நம்மவர்கள் கம்பியே இல்லாமல் உடம்பை வளர்த்தது வேறு கதை.

இது பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை கல்லாவில் உட்காருபவர்கள் நாம். மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகவும், தமிழ்நாட்டில் அது பதினான்கைத் தாண்டுவதாகவும் கண்டிருந்தது. ஐம்பது வயதில் கம்பியில் தொங்கச் சொல்லவில்லை. இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி இருந்தால், அதைப் பிடித்துச் சாய்ந்து இழுப்பது, கை ஊன்றித் தண்டால் எடுப்பது போன்றவற்றை நாமும் நம் வீட்டுப் பெண்களும் செய்யலாம். விற்பவர் காட்டும் படத்தில் அந்தத் தாழ்ந்த கம்பி பெரும்பாலும் இருக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

யாருக்காக என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் பார் கம்பியில் 10 முறை உடம்பைத் தூக்கினால் 40 மதிப்பெண். ஆறு முறைக்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. இதற்குத் தேவை ஆளுயரத்துக்கு மேல் ஒரு நல்ல கம்பி, அவ்வளவே. தமிழ்நாடு காவலர் தேர்விலோ ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் உண்டு. ஒரு நட்சத்திரத்துக்கு 5 மீட்டர், இரண்டு நட்சத்திரத்துக்கு 6 மீட்டர் ஏற வேண்டும். சந்தையில் கிடைக்கும் சட்டகங்களோ மூன்று, மூன்றரை மீட்டர் உயரம்தான். அதில் ஒரு கயிற்றைக் கட்டிக் கொடுத்து ‘போலீஸ் தேர்வுக்கும் ஆகும்’ என்று எவராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். சட்டகத்தின் மேல் குழாய் ஒட்டி உயரத்தைக் கூட்டித் தருகிறேன் என்றால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆறு மீட்டர் கயிற்றுக்குத் தனியாக, பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்த கம்பம்தான் வேண்டும்.

தராசுக் கணக்கு

தரையில் பதிக்காமல், தன் எடையாலேயே நிற்கும் சட்டகத்துக்கு இப்போது நல்ல விற்பனை. பள்ளம் தோண்ட வேண்டாம், இடம் மாறினால் கழற்றிக் கொண்டு போகலாம் என்பது அதன் வசதி. வெளிவட்டச் சாலை வந்த பிறகு மனைகள் வேகமாகக் கைமாறும் நம் பக்கத்தில் இந்த வசதி சாதாரணமானதல்ல. வாடகை இடத்தில் கான்கிரீட் போட்டால், இடத்துக்காரர் காலி செய்யச் சொல்லும்போது கான்கிரீட்டோடு நம் பணமும் புதைந்துவிடும். ஆனால் தன் எடையில் நிற்பது தன் எடையிலேயே சாயவும் கூடும். அது எப்போது சாயும் என்பதைத் தராசு பிடித்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய காய்கறி மண்டிகளில் இருந்த தூக்குக்கோலை நினைத்துப் பாருங்கள். சின்னக் கல்லைத் தண்டின் கோடிக்கு நகர்த்தினால் பெரிய மூட்டையே மேலே வரும். எடை மட்டும் போதாது, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் கணக்கு.

சட்டகத்தின் எடை 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி 1.2 மீட்டர். எடையின் நடுப்புள்ளி சாயும் விளிம்பிலிருந்து 0.6 மீட்டரில் இருக்கும். 200-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 120. இது சட்டகத்தை நிற்க வைக்கும் தட்டு. மறு தட்டுக்கு வருவோம். 80 கிலோ இளைஞர் ஒருவர் 2.4 மீட்டர் உயரக் கம்பியில் தொங்கி, காலை வீசி ஊஞ்சல் போல ஆடி எழும்புகிறார். அப்போது கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை அவர் எடையில் பாதி எனக் கொள்ளலாம். பலமாக ஆடினால் அதற்கு மேலும் போகும். 40-ஐ 2.4-ஆல் பெருக்கினால் 96. ஒருவர் ஆடும்வரை 120-க்கு 96, சட்டகம் நிற்கும். பக்கத்துக் கம்பியில் நண்பர் ஒருவரும் அதே தாளத்தில் ஆடினால் 192. சட்டகம் எழுந்துவிடும்.

தொங்குபவரின் எடையும் கீழே அழுத்தித்தானே நிற்க வைக்கும் என்று கேட்கலாம். கம்பி சட்டகத்தின் நடுவில் இருந்தால் அது உண்மை. கம்பி முன்வரிசைக் கால்களுக்கு நேர் மேலே இருந்தால் அந்த எடை சாயும் விளிம்பின் மேலேயே விழுகிறது. நிற்க வைக்கும் தட்டில் ஒரு காசும் சேராது. ஆகவே படத்தைப் பார்க்கும்போது கம்பி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விற்பனைத் தாளில் ‘400 கிலோ தாங்கும்’ என்று இருந்தால் மயங்க வேண்டாம். கம்பி ஒடியாது என்பதற்குத்தான் அது உத்தரவாதம். சாயாது என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இருக்காது.

கால்களை அகட்டி 1.8 மீட்டராக்கினாலும் 180-தான் வருகிறது. இருவர் ஆட்டத்துக்கே பற்றவில்லை. வழி ஒன்றுதான்: அடிச்சட்டத்தில் பாரம் ஏற்றுவது. 60-க்கு 60 சென்டிமீட்டர், 30 சென்டிமீட்டர் கனத்தில் வார்த்த கான்கிரீட் கட்டை ஒன்று ஏறத்தாழ 260 கிலோ. 25 கிலோ அரிசிப் பை பத்துக்கும் மேல். இரு பக்க அடிச்சட்டங்களின் நடுவிலும் ஒவ்வொரு கட்டையை ஏற்றி போல்ட்டால் இறுக்கினால், மொத்த எடை 720 கிலோ. அதே 1.2 மீட்டர் அகலத்திலேயே நிற்க வைக்கும் தட்டு 432 ஆகிவிடும். எதிர்த்தட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கையிருப்பு இருந்தால்தான் இரவில் தூக்கம் வரும். மணல் மூட்டையை அடுக்கி வைக்கலாமே என்பார்கள். வெயிலில் சாக்கு இற்றுப்போகும், மணல் கொட்டும். யாருக்காவது மணல் தேவைப்பட்டால் மூட்டையே காணாமல் போகும்.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நகர்த்தக்கூடிய கால்பந்துக் கோல் கம்பங்களில் சிறுவர்கள் தொங்கி, அவை சாய்ந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே கம்பங்களைத் தரையோடு பிணைக்கச் சொல்லி எச்சரித்திருக்கிறது. அங்கே நடந்ததற்கும் காரணம் இதே தூக்குக்கோல் கணக்குத்தான்.

சொந்த இடமானால்

இடம் சங்கத்தின் பெயரில் பத்திரமாக இருந்தால், கான்கிரீட்டில் பதித்துவிடுவதே நம் கருத்து. ஒவ்வொரு தூணுக்கும் 45-க்கு 45 சென்டிமீட்டர், 75 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி. ஒன்றுக்கு ஒன்றரை, அதற்கு மூன்று என்ற அளவில் சிமெண்ட், மணல், ஜல்லி. நான்கு குழிக்கும் சேர்த்து ஐந்து மூட்டை சிமெண்ட் பிடிக்கும். ஒவ்வொரு அடித்தளமும் 360 கிலோவுக்குக் குறையாது. கான்கிரீட் இறுகும் முன்பே 16 மில்லி போல்ட்டுகள் நான்கை, தூணின் அடித்தகட்டை வைத்தே அளவு பார்த்து நிறுத்திவிட வேண்டும். பிறகு துளை போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று கொத்தனார் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒரு வாரமாவது தண்ணீர் கட்ட வேண்டும். கான்கிரீட் முழுப் பலம் பெற 28 நாள் ஆகும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டோம் என்று எட்டாம் நாளே பிள்ளைகளைத் தொங்கவிடக் கூடாது. கான்கிரீட் போட்ட பிறகு விழாவுக்கு நாள் பாருங்கள்.

ஏரியை ஒட்டிய களிமண் நிலமானால், மழையில் ஊறி உப்பும், கோடையில் வெடிக்கும். அங்கே குழியை இன்னும் ஆழப்படுத்தி, அடியில் சரளை பரப்ப வேண்டும். உள்ளூரில் வீடு கட்டிய மேஸ்திரிக்கு அந்த மண் எப்படிப்பட்டது என்று தெரியும். மாடியில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். ஆடும் சட்டகமும் மாடிக் கைப்பிடிச்சுவரும் அருகருகே இருக்கக் கூடாதவை.

இரும்பை எடை போட்டு வாங்குங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்தில் நல்ல வெல்டிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. வெளியூரிலிருந்து பெட்டியில் வரும் சட்டகத்தைவிட, இங்கேயே செய்து வாங்குவது மேல் என்பது நம் எண்ணம். நாளைக்கு ஒரு போல்ட் தேய்ந்தாலும் ஆள் பக்கத்தில் இருப்பார். ஆனால் இரும்பில் ஏமாற்று எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். அது குழாயின் கனத்தில் நடக்கிறது.

75 மில்லி சதுரக் குழாய் என்று பேசி முடிப்பீர்கள். 3 மில்லி கனமானால் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை கிலோ நிற்கும். 2 மில்லி கனமானால் நாலரை கிலோதான். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றே. பெயிண்ட் அடித்துவிட்டால் கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. 30 மீட்டர் குழாய் போகும் சட்டகத்தில் வித்தியாசம் 60 கிலோ. நமக்குப் பழக்கமான வழியே இதற்கும் மருந்து. ரசீதில் குழாயின் நீளம், கனம், மொத்த எடை மூன்றையும் எழுதி வாங்குங்கள். சரக்கு வரும்போது வண்டியோடு எடை மேடையில் ஏற்றி, இறக்கிய பின் வெறும் வண்டியையும் எடை போடுங்கள். வெல்லத்துக்கும் புளிக்கும் நாம் செய்வதுதானே! மேலே சொன்ன தராசுக் கணக்கில் 200 கிலோ என்று எடுத்ததும் இந்த எடையை நம்பித்தான். 60 கிலோ குறைந்தால் நஷ்டம் பணத்தோடு நிற்காது.

பிடிக்கும் கம்பிக்கு ஒரு இஞ்சு ஜி.ஐ. பைப் சரியான பருமன். வெளிவிட்டம் 33.7 மில்லி, கைக்கு அடங்கும். சிவப்புக் கோடு போட்ட ‘சி’ கிளாஸ் பைப்பாக இருக்கட்டும், அதன் கனம் 4 மில்லி. மஞ்சள் கோடு போட்டது 2.6 மில்லிதான், தண்ணீர்க் குழாய்க்கே மட்டானது. ஆடும் ஆள் கீழ்ப்புள்ளிக்கு வரும்போது கம்பியின் மேல் அவர் எடையைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஏறுகிறது. ஆகையால் தூணுக்குத் தூண் 1.2 மீட்டருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

துரு பற்றி ஒரு வார்த்தை. பெயிண்ட் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது, கை படும் இடத்தில் அதற்கும் முன்பே உரியும். வெல்டிங், துளை எல்லாம் முடிந்த பிறகு முழுச் சட்டத்தையும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் ‘ஹாட் டிப்’ முறையே சிறந்தது. இந்தியத் தர அளவுப்படி 5 மில்லிக்கும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம், 2 முதல் 5 மில்லிக்கு உட்பட்டதற்கு 460 கிராம் துத்தநாகம் ஏற வேண்டும். முன்பே பூச்சு ஏறிய குழாயை வாங்கி வெல்டிங் வைத்தால், ஒட்டும் இடத்தில் பூச்சு எரிந்துபோகிறது. துரு அங்கேதான் தொடங்கும். இன்னொன்று, குழாயின் முனைகளை முழுவதும் அடைக்காமல் சிறு துளை விடச் சொல்லுங்கள். அடைத்த குழாயை 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் வெடிக்கும் என்பதால் முக்குபவர்களே அதைக் கேட்பார்கள். அடிப்பக்கத் துளை பிறகு மழைத் தண்ணீர் வடியவும் உதவும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையைப் போலத் தண்ணீர் நாள்கணக்கில் நின்றால், அடித்தகடும் போல்ட்டும்தான் முதலில் பாதிக்கப்படும். சுற்றுத் தரையைவிட நான்கு அங்குலமாவது உயர்த்தி வைக்கவும்.

பேனர் கட்டாதீர்கள்

இதைத் தனித் தலைப்பில் சொல்லக் காரணம் உண்டு. நன்கொடை கொடுத்தவர் பெயர் தெரிய வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் வெறும் கம்பிச் சட்டகத்தில் காற்று புகுந்து போய்விடும். அதில் பத்தடிக்கு நாலடி பிளெக்ஸ் கட்டினால் அது பாய்மரம். சென்னைக்குக் கட்டடக் கணக்கில் எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் வரும். பத்துக்கு நாலு பேனரின் மேல் 550 கிலோ. இருவர் ஆடியதற்கு நாம் போட்ட பக்கவாட்டு இழுப்பு மொத்தம் 80 கிலோதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் இந்தப் பக்கத்தில் என்ன செய்தது என்பதை அனைவரும் பார்த்திருக்கிறோம். பெயரை ஒரு சிறு தகட்டில் பொறித்துத் தூணில் பதியுங்கள். அது பல காலம் இருக்கும்.

விழும் தரையையும் பார்க்க வேண்டும். கம்பியில் கை வழுக்கினால் கீழே சிமெண்ட் தரை இருக்கக் கூடாது. ஒரு அடி ஆழத்துக்கு ஆற்று மணல் நல்லது. எம்-சாண்ட் இறுகிக் கல்லாகிவிடும். மணல் கட்டுப்படியாகாவிட்டால் ரப்பர் ஓடு பதிக்கலாம், செலவு அதிகம். சுற்றிலும் இரண்டு மீட்டருக்குச் சுவர், கல், வண்டி எதுவும் வேண்டாம். மேலே மின்கம்பி போகிறதா என்று பார்ப்பதை மறந்துவிடாதீர்கள்.

சட்டகம் வந்துவிட்டால் முதலில் ஏறுபவர்கள் சிறுவர்கள்தான். ஏணிப் படிகளின் இடைவெளி 9 முதல் 23 சென்டிமீட்டருக்குள் இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். ஐரோப்பிய நாடுகளின் விளையாட்டுக் கருவி விதிகளில் இந்த அளவு தவிர்க்கச் சொல்லப்பட்டிருக்கிறது. அதைவிடக் குறுகலாகவோ அகலமாகவோ வைக்கச் சொல்லுங்கள். மே மாத வெயிலில் இரும்பு கையைச் சுடும். மரநிழல் படும் இடமாகப் பார்த்து நிறுத்தினால் நல்லது. பிடி கம்பிக்கு மட்டும் பெயிண்ட் வேண்டவே வேண்டாம், வியர்வையில் வழுக்கும்.

இடம் புறம்போக்கு என்றால், எதன் எல்லைக்குள் வருகிறதோ அந்த ஊராட்சி அல்லது மாநகராட்சியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு குழிகூடத் தோண்ட வேண்டாம். ஊராட்சியானால் கிராமசபைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். 2016-இல் ஊராட்சிகளில் அம்மா பூங்காவும் உடற்பயிற்சிக்கூடமும் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடம் உங்கள் ஊரிலேயே இருந்தால், புதிதாக வாங்குவதைவிட அங்கே இருக்கும் கருவியைப் பழுது பார்க்க அனுமதி கேட்பது சங்கத்துக்கு மலிவு.

கடைசியாக, ஸ்பேனர் யாரிடம் இருக்கும் என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆடும் சட்டகத்தில் நட்டு தளரும், அது இரும்பின் குணம். தானாகத் தளராத நைலான் நட்டு போட்டாலும் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கிப் பார்க்க வேண்டும். வெல்டிங் ஓரத்தில் முடி அளவு விரிசல் தெரிந்தாலும் அன்றே கயிறு கட்டி மூடிவிட வேண்டும். எதிரே இருக்கும் மளிகைக் கடைக்காரர்தான் இதற்குப் பொருத்தமானவர். அவர் காலையிலும் இரவிலும் அங்கேயே இருப்பவர், யார் எப்படி ஆடுகிறார்கள் என்பதும் அவர் கண்ணில் படும். ஸ்பேனரையும் தேதி எழுதும் ஒரு நாற்பது பக்க நோட்டையும் அவர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, அவர் சம்மதத்தைச் சங்கத் தீர்மானத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.